மொட்டைப் பனையைத் தறிக்க முதல்

எங்கள் வளவின் தெற்கு வேலியோரம் தலையில்லாத பனை ஒன்று நின்றது. 2000ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் சண்டை நடந்தபோது ஷெல் பட்டு வட்டு போன பனை. நாங்கள் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது வீட்டுக் கூரை இருக்கவில்லை, கிணற்றுக்கட்டு உடைந்திருந்தது, அந்தப் பனை மட்டும் கம்பம் மாதிரி நிமிர்ந்து நின்றது. மிருசுவில், கொடிகாமம், எழுதுமட்டுவாள் பக்கம் போய் வந்தவர்களுக்கு இப்படியான மொட்டைப் பனைகள் புதிதல்ல. வெளிவைரம் இரும்பு மாதிரி இருக்கும். உள்சோறு மழைக்கு உக்கிப் போய்விடும். மிஞ்சுவது ஒரு குழாய்தான். அந்தக் குழாய்க்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று நான் ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. 2023 பெப்ரவரி முதல் கிழமையில், மதில் கட்டுவதற்காக அதைத் தறிப்பித்தேன். அடுத்த ஐந்து மாதம் கிளிக்குஞ்சுகளோடு நான் பட்ட பாட்டை இங்கே எழுதுகிறேன். அந்த நேரம் இதையெல்லாம் சொல்லித் தர எனக்கு ஒருவரும் இருக்கவில்லை.

கிளிகள் அந்தப் பனைக்கு வந்து போனது எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. தை மாதமே பார்த்தேன். காலையில் முற்றம் கூட்டும்போது மேலே ஓட்டையில் இருந்து ஒரு பச்சை வால் தொங்கும். மரங்கொத்தி எப்போதோ கொத்திய துளை அது. எங்கள் பக்கத்து மரங்கொத்திக்கு முதுகு பொன் நிறம். தெற்கே போனால் சிவப்பு முதுகுக்காரன். கிளி தானாகத் துளை போடுவது குறைவு, இருக்கிற துளையின் வாயைச் சொண்டால் கடித்துப் பெருப்பித்துக் கொள்ளும். அந்தத் துளையின் விளிம்பு புதிதாகக் கடித்து மஞ்சளாக இருந்ததைக் கூடக் கண்டேன். கண்டும் எனக்கு உறைக்கவில்லை. 'கிளி வந்திருக்கிறது' என்று நினைத்தேனே தவிர, முட்டை இட்டிருக்கும் என்று யோசிக்கவில்லை.

மரம் தறிக்க வந்தவர் வயதானவர். வாளைக் கீழே வைத்துவிட்டு மேலே பார்த்து, "பிள்ளை, உதில கிளி போய் வருது போல கிடக்கு. ஒரு ரெண்டு மாசம் விட்டுத் தறிப்பமோ?" என்று கேட்டார். மேசனுக்கு முற்பணம் கொடுத்தாயிற்று, கல்லும் மண்ணும் வந்து இறங்கிவிட்டன. "பறந்து போடும் அண்ணை, நீங்கள் தறியுங்கோ" என்றேன். இந்த ஒரு வசனத்தை நான் எத்தனை இரவு திருப்பித் திருப்பி நினைத்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை.

மரம் விழுந்து நடுவில் பிளந்தது. உக்கல் தூளுக்குள் நான்கு குஞ்சுகள். ஒன்று விழுந்த வேகத்திலேயே போய்விட்டது. மற்ற மூன்றும் மூன்று அளவில் இருந்தன. பெரியதற்குச் செட்டை முழுக்கப் பச்சைக் குருத்து இறகுகள். நடுவிலதற்கு அங்கொன்று இங்கொன்று. சின்னதற்குக் கண் இப்போதுதான் திறந்திருந்தது, உடம்பு வெறும் தோல். ஒரே சூலில் பிறந்தவை ஏன் இப்படி என்று அப்போது விளங்கவில்லை. கிளி ஒரு நாள், இரண்டு நாள் இடைவெளி விட்டு ஒவ்வொரு முட்டையாக இடும். முதல் முட்டை இட்ட உடனேயே அடைகாக்கவும் தொடங்கிவிடும். அதனால் குஞ்சுகளும் முன்னுக்குப் பின்னாகப் பொரிக்கும். பொரிக்க மூன்று கிழமைக்குக் கொஞ்சம் கூட, பொரித்த பிறகு பறக்க ஏறக்குறைய ஏழு கிழமை. ஆக, ஒரு பனையில் கிளி அடைகாக்கத் தொடங்கினால் அந்தப் பனையை மூன்று மாதம் தொடக்கூடாது. எங்கள் பக்கம் மார்கழிக் கடைசியில் இருந்து சித்திரை, வைகாசி வரைக்கும் இதுதான் காலம். மொட்டைப் பனை தறிக்கத்தான் வேண்டுமென்றால் ஆடி, ஆவணியில் தறியுங்கள். அப்போதும் காலையில் அரை மணித்தியாலம், பின்னேரம் அரை மணித்தியாலம் தள்ளி நின்று பார்த்துவிட்டுத் தறியுங்கள். கீழே நின்று தடியால் தட்டிப் பார்ப்பது போதாது. அடைகாக்கும் பெண் சில வேளை அசையாமல் உள்ளேயே இருந்துவிடும்.

சரி, தறித்தாயிற்று. இதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய பிழை. தாயும் தகப்பனும் பக்கத்து வளவுப் பனையில் வந்து இருந்தன. தகப்பனின் கழுத்தில் கறுப்பும் ரோசாவுமாக வளையம் தெளிவாகத் தெரிந்தது. தாய்க்கு அது இல்லை. இரண்டும் விழுந்த மரத்துக்கு மேலே வட்டமிட்டுக் கத்தின. அம்மா வாசலில் நின்று சொன்னா, "தாய் தேப்பன் நிக்குதுகள் பிள்ளை. குஞ்சுகளை ஒரு பெட்டியில வச்சு உந்த வேப்பமரத்தில கட்டி விடு. அதுகள் வந்து குடுக்கும்." அம்மா கோழி வளர்த்தவ. எனக்கோ, மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது என்று சின்ன வயதிலிருந்து கேட்ட கதை தலையில் இருந்தது. காகம் தூக்கிவிடும், பூனை பிடித்துவிடும் என்ற பயம் வேறு. மட்டைப்பெட்டியில் பழைய துவாயை விரித்து மூன்றையும் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினேன். அன்று பொழுதுபடும் வரை தாயும் தகப்பனும் வெளியே கத்தின. அடுத்த நாள் விடியவும் வந்தன. மூன்றாம் நாள் பின்னேரம்தான் சத்தம் நின்றது.

அம்மா சொன்னதுதான் சரி. கை பட்டதற்காகக் கிளி குஞ்சை ஒதுக்காது. மணம் பார்த்துக் குஞ்சைத் தள்ளுவது பறவைகளின் பழக்கமே இல்லை. விழுந்த கூட்டைப் பக்கத்து மரத்தில் அதே நாள் கட்டிவிட்டால் பெரும்பாலும் தாய் தேடி வந்து தீன் கொடுக்கும். அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியது இதுதான்: அந்தப் பனங்குற்றியிலேயே துளை இருந்த துண்டை மூன்றடி நீளத்தில் வாளால் அறுத்து, அடியைப் பலகை அடித்து மூடி, மேலே தகரத் துண்டு வைத்து, பழைய இடத்துக்குக் கிட்ட இருக்கும் மரத்தில் நிமிர்த்திக் கம்பியால் கட்டுவது. பதினைந்து அடி உயரம் போதும். குற்றி பிளந்து போனால் பலகைப் பெட்டி. உள்ளகலம் ஒன்பது, பத்து அங்குலம், ஆழம் இரண்டடி, வாய் மூன்று அங்குலம், அடியில் தண்ணீர் வடிய நாலு சிறு துளை, உள்ளே ஒரு கை மரத்தூள். குஞ்சுகள் ஏறி வர உள்பக்கச் சுவரைச் சொரசொரப்பாக்க வேண்டும் அல்லது கம்பிவலை அடிக்க வேண்டும். கட்டிவிட்டு வீட்டுக்குள் போய் யன்னலால் பாருங்கள். கிட்ட நின்றால் அவை வராது. தாய் நாலைந்து மணித்தியாலம் வராவிட்டாலும் பதற வேண்டாம். இருட்டும்வரை ஒன்றுமே வராவிட்டால்தான் குஞ்சுகளை உள்ளே எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். மேசன் வேலைக்கு வைத்திருந்த கம்பியும் பலகையும் முற்றத்திலேயே கிடந்தன. ஒரு மணித்தியால வேலை.

பிறகு ஒரு நாள் வாசித்தேன். வெனிசுவேலாவில் சின்னப் பச்சைக் கிளி இனம் ஒன்றை ஆராய்ந்தவர்கள் 2011இல் வெளியிட்டது: கூட்டுக்குள் இருக்கும் குஞ்சு ஒவ்வொன்றுக்கும் தனியான அழைப்பு ஒலி உண்டு, அதைக் குஞ்சு தாய் தகப்பனிடம் இருந்துதான் கற்றுக்கொள்கிறது. கிட்டத்தட்ட பெயர் வைப்பது மாதிரி. அது வேறு இனம், எங்கள் கிளியிலும் அப்படியே என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதை வாசித்த இரவு, அந்த மூன்று நாள் வளவில் கேட்ட சத்தம் காதுக்குள் திரும்ப வந்தது. எனக்கு நித்திரை வரவில்லை.

முதல் நான்கு நாள் பாணைப் பாலில் நனைத்துக் கொடுத்தேன். கிளிக்குப் பாலும் பாணும் என்று எல்லோரும் சொல்வதுதானே. பறவைக்குப் பால் செரிக்காது. பாலில் உள்ள இனிப்பைச் செரிக்கும் பொருள் அதன் குடலில் இல்லை. நாலாம் நாள் இரவு சின்னது செத்தது. கழுத்தடியில் இருக்கும் தீன்பை கல்லு மாதிரி வீங்கி, புளித்த மணம் அடித்தது. அதற்குப் பால் மட்டும் காரணமில்லை, குளிரும் காரணம். அப்போது தினமும் மின்வெட்டு இருந்த காலம். சூட்டுக்கு நாற்பது வாட் குண்டு பல்ப் போட்டிருந்தேன். இரவில் கரண்ட் போனதும் பெட்டி ஆறிவிட்டது, நான் அயர்ந்து தூங்கிவிட்டேன். குஞ்சின் உடம்பு குளிர்ந்தால் தீன்பை வேலை செய்வதை நிறுத்திவிடும். உள்ளே கிடக்கும் உணவு அப்படியே புளிக்கும். விடிய நாலு மணிக்குக் கையில் எடுத்தபோது அது ஒரு பிடி கீரையளவு கூட எடை இல்லாமல் இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முருங்கையடியில் தாட்டுவிட்டு வந்தோம்.

அதற்குப் பிறகு ஓட்டோ பிடித்து யாழ்ப்பாணம் கொண்டுபோனேன். நான் காட்டிய வைத்தியர் ஆடு, மாடு, நாய் பார்ப்பவர். கிளிக்குஞ்சைக் கையில் வாங்கவே தயங்கினார். கோழிக்குக் கொடுக்கும் மருந்தில் பாதி எழுதித் தந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பறவைக் குஞ்சு பார்க்கிற வைத்தியர் எங்கே இருக்கிறார் என்பதை, குஞ்சு சாகக் கிடக்கும்போது தேடக்கூடாது என்பதுதான் நான் படித்தது. கடைசியில் உதவியது லவ் பேர்ட்ஸ் வளர்க்கும் ஒருவரின் தொலைபேசி எண். முகம் தெரியாத அந்த மனிதர் பின்னேரங்களில் ஒரு மணித்தியாலம் பொறுமையாகக் கதைப்பார். அவர் சொல்லித் தந்ததை அப்படியே தருகிறேன். ஏனென்றால் இவை தெரியாததால்தான் குஞ்சுகள் சாகின்றன.

கிளிக்குஞ்சுக்கென்று விற்கும் மாவைத்தான் கரைத்துக் கொடுக்க வேண்டும். இறக்குமதிச் சாமான் விலை ஏறிக் கிடந்த நேரம், சின்னப் பைக்கற் ஒன்று 4,800 ரூபா. மூன்று வாங்கினேன். கரைசலின் சூடு 39, 40 பாகை. விரலில் தொட்டுப் பார்ப்பது சரிவராது, தெர்மோமீற்றர் வேண்டும். சூடு கூடினால் தீன்பை உள்ளே வெந்து சில நாளில் ஓட்டை விழும். குறைந்தால் குஞ்சு ஏற்காது, ஏற்றாலும் செரிக்காது. சிரிஞ்சை ஊசி இல்லாமல், குஞ்சின் இடது வாயோரத்தால் வைத்து வலப்பக்கம் நோக்கித் தள்ள வேண்டும். உணவுக்குழாய் வலது பக்கத்தால் இறங்குகிறது. பிழைத்தால் சுவாசக்குழாய்க்குள் போய் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். மூன்று கிழமைக் குஞ்சுக்கு ஒரு தடவைக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு. தீன்பை கிட்டத்தட்ட வெறுமையான பிறகே அடுத்தது. இரவில் ஒரு முறையாவது முழுக்க வெறுமையாக வேண்டும். தினமும் விடிய, முதல் தீனுக்கு முன் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். பறவை நோயைக் கடைசி வரை மறைக்கும். காட்டில் சோர்ந்து தெரிந்தால் பருந்து தூக்கிவிடும் என்பதால் அதன் இயல்பே அது. கண்ணுக்குத் தெரிய முதல் தராசுக்குத் தெரியும். மின்வெட்டுக்கு, சுடுதண்ணீர்ப் போத்தலைக் காலுறைக்குள் போட்டு பெட்டியின் ஒரு மூலையில் வைப்பேன். ஒரு மூலைதான், சூடு கூடினால் குஞ்சு நகர இடம் வேண்டும்.

இன்னொன்றையும் பிழைவிட்டேன். பெட்டியின் அடியில் பேப்பர் விரித்திருந்தேன். வழுக்கும் தளத்தில் குஞ்சின் கால் இரண்டு பக்கமும் விரிந்து போகும். நடுவிலது தவளை மாதிரிப் படுத்துக் கிடந்ததை நான் நித்திரை என்று நினைத்து ஒரு கிழமை விட்டுவிட்டேன். பிறகு மெல்லிய பஞ்சுத்துணியால் இரண்டு காலையும் அளவாக இணைத்துக் கட்டி, ஒரு கோப்பைக்குள் துணி அடைத்து அதில் இருத்தி வைத்தேன். இடது கால் சரியாகிவிட்டது. வலது கால் இன்றைக்கும் கோணல்தான். கிளிக்குக் கால் என்பது எங்களுக்குக் கை. முன்னுக்கு இரண்டு விரல், பின்னுக்கு இரண்டு விரல், அதால் கொய்யாத்துண்டைப் பிடித்துத் தூக்கிச் சாப்பிடும். நடுவிலது ஒரு காலில் நின்று மற்றதால் பிடிக்க முடியாமல் துண்டைக் கூட்டுக் கம்பிக்கு அணைத்து வைத்துக் கடிப்பதைப் பார்த்தால் எனக்கு இன்னும் வயிற்றைப் பிசையும். துவாயோ, சொரசொரப்பான துணியோ விரியுங்கள். செலவு ஒன்றுமே இல்லை.

மாசி முழுக்கவும் பங்குனி பாதியும் நான் தூங்கவில்லை. வீட்டில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுப்பேன். பரீட்சை நெருங்கிய காலம், ஆறு கிழமை வகுப்பை நிறுத்தினேன். இரண்டு பிள்ளைகள் வேறிடம் போய்விட்டார்கள். மா, கூடு, தராசு, ஓட்டோ, மருந்து என்று எழுதி வைத்த கணக்கு 55,500 ரூபா. மரம் தறித்த கூலி அதில் சேரவில்லை.

பங்குனிக் கடைசியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. வறட்டு இருமல், தலையைப் பிளக்கிற வலி, பத்து நாள் விடவில்லை. மூன்றாவது முறை வைத்தியரிடம் போனபோதுதான் அம்மா பக்கத்தில் இருந்து, "இவ கிளி வளக்கிறா டொக்டர்" என்று சொன்னா. அவர் உடனே மருந்தை மாற்றினார். கிளியின் காய்ந்த எச்சத்திலும் இறகுத் தூசியிலும் இருந்து மனிதருக்குத் தொற்றும் ஒரு நுரையீரல் காய்ச்சல் உண்டு. டொக்சிசைக்ளின் என்ற சாதாரண மருந்துக்குக் கேட்கும், ஆனால் பறவை பற்றிச் சொன்னால்தான் வைத்தியருக்கு அந்த நினைவு வரும். எனக்கு வந்தது அதுதானா என்று பரிசோதித்துப் பார்க்கவில்லை. மருந்து மாறி மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. கூட்டைக் கூட்டும்போது தண்ணீர் தெளித்து ஈரமாக்கித் துடையுங்கள். வாயையும் மூக்கையும் கட்டுங்கள். பறவை உள்ள வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் வைத்தியரிடம் பறவையைப் பற்றி முதலில் சொல்லுங்கள்.

இறகு முழுக்க வந்து இரண்டும் கூட்டில் ஏறி இறங்கத் தொடங்கிய பிறகு ஊர்ச்சனம் வரத் தொடங்கியது. எல்லோருக்கும் ஒரே கேள்வி, "கதைக்குமோ?" ஒருவர் நாக்கின் நுனியைச் சீவிவிடச் சொன்னார். இன்னொருவர் கொச்சிக்காய் கொடுக்கச் சொன்னார். கொச்சிக்காய் கிளிக்கு உறைக்கவே உறைக்காது, ஆசையாகத்தான் தின்னும், அதற்கும் கதைப்பதற்கும் சம்பந்தமில்லை. நாக்குச் சீவுவது கொடுமை, அதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். கிளியின் குரல் பிறப்பது நாக்கில் இல்லை. மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரியும் இடத்தில் உள்ள உறுப்பில்தான். நாக்கை வெட்டினால் அதற்குக் கொட்டை உடைத்துச் சாப்பிட முடியாமல் போகும், அவ்வளவுதான். கிளி கதைப்பது ஏன் என்று தெரிந்தால் அதைக் கேட்க ஆசைப்படவும் மாட்டோம். கூட்டமாக வாழ்கிற பறவை அது, தன் கூட்டத்தின் ஒலியைப் பழகித்தான் கூட்டத்தில் ஒன்றாகும். கூட்டம் இல்லாதபோது கேட்கிற எங்கள் குரலைப் பழகுகிறது.

ஒருவர் பெரியதுக்கு 8,000 ரூபா தருவதாகச் சொன்னார். வளர்க்க ஆசைப்பட்டு வந்தவர்தான், கெட்ட மனிதர் இல்லை. அவரிடம் கேட்டேன், இதற்கு முதல் வளர்த்த கிளி எங்கிருந்து வந்தது என்று. பெடியன்கள் பனையில் ஏறி எடுத்துத் தந்தார்கள் என்றார். எப்படி எடுப்பார்கள்? கை போகாத துளையைக் கோடரியால் கொத்திப் பெருப்பித்து. அந்த ஆண்டுக் குஞ்சு மட்டும் போவதில்லை, அந்தப் பனையே வீடாக உதவாமல் போகிறது. மழை உள்ளே அடிக்கும், காகமும் தலை நுழைக்கும். அடுத்த ஆண்டு அந்தச் சோடிக்கு வேறு துளை வேண்டும். மைனாவும் அணிலும் அதே துளைகளைத்தான் தேடுகின்றன. மொட்டைப் பனைகளோ ஒவ்வொரு மாரிக்கும் சரிந்து குறைகின்றன, என்னைப் போன்றவர்கள் தறித்தது போக. இலங்கையில் ஐந்து வகைக் கிளி உண்டு. இரண்டு இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லை. எங்கள் வளவுகளில் வருவது ரோசா வளையக் கிளி, அது இன்னும் நிறைய இருக்கிறது. தோளில் சிவப்புப் பட்டை உள்ள பெரிய கிளிதான் கவலை. நன்றாகக் கதைக்கும் என்ற பெயரால் குஞ்சிலேயே பிடிக்கப்படுவதும், பொந்து மரங்கள் போவதும் சேர்ந்து, அது உலக அளவில் அச்சுறுத்தலை நெருங்கிய இனமாகப் பட்டியலில் இருக்கிறது. மாமரம் வைத்திருக்கிறவர்களின் கோபம் எனக்கு விளங்காமல் இல்லை. எங்கள் கறுத்தக்கொழும்பானில் பாதியைக் கிளிதான் கடித்துத் தள்ளும். வலை போடலாம், பழத்துக்குப் பை கட்டலாம். குஞ்செடுப்பதால் மாங்காய் தப்பியதை நான் காணவில்லை.

விடுவதிலும் ஒரு முறை தோற்றேன். சித்திரை முடிய, பெரியதை ஒரு கூடைக்குள் வைத்துக் கொண்டுபோய், கிளிக்கூட்டம் இறங்கும் வயல்வெளியில் திறந்துவிட்டேன். அது பறந்து போய் வயலில் நின்ற ஒரு பெடியனின் தோளில் இருந்தது. மனிதர்தான் தீன் என்று பழகிய பறவைக்கு வேறென்ன தெரியும்? நல்ல காலம், அவன் சிரித்துக்கொண்டு திருப்பித் தந்தான். வேறு யாராவது என்றால் அன்றைக்கே அதன் செட்டையை வெட்டிக் கூட்டில் போட்டிருப்பார்கள். அதன் பிறகுதான் வனஜீவராசிகள் உத்தியோகத்தர் ஒருவரிடம் கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய இடம். காட்டுப் பறவை ஒன்று கைக்கு வந்தால் அதை வைத்திருக்கலாமா, எப்படி விடுவது என்று அவர்களிடம் கேட்பதுதான் முறை. அவர் சொன்னபடி, பெரிய கூட்டை வேப்பமரத்தடியில் வைத்தேன். நான் கிட்டப் போவதையும் கதைப்பதையும் நிறுத்தினேன். கடைத் தானியத்தைக் குறைத்து, கொய்யா, வேப்பம்பழம், குரக்கன் கதிர், முருங்கைப் பூ என்று வெளியில் கிடைப்பதைக் கொப்போடு கட்டினேன். மூன்று கிழமைக்குப் பிறகு கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். பெரியது வெளியே போகும், பொழுதுபடத் திரும்பி வந்து கூட்டுக்கு மேலே வைத்த தட்டில் சாப்பிடும். பிறகு இரண்டு நாளுக்கு ஒருக்கால், பிறகு கிழமைக்கு ஒருக்கால். ஆனி கடைசியில் ஒரு பின்னேரம், மேற்கே தங்கப் போகும் கூட்டம் வளவுக்கு மேலால் கீச்சிட்டுப் போனபோது அதுவும் கிளம்பிப் போனது. தட்டை இன்னும் ஒரு மாதம் வைத்திருந்தேன். அது வரவில்லை.

நடுவிலது என்னோடுதான். ஒரு கால் சரியில்லாமல் வெளியே அதால் பிழைக்க முடியாது. கூட்டில் ரோசா வளையக் கிளி 20, 25 வருடம் இருக்கும். எனக்கு இப்போது 44 வயது. அதற்கு இன்று கரட், பூசணி, முளைவிட்ட பயறு, வல்லாரை என்று கொடுக்கிறேன். வெறும் தானியத்தில் வளர்ந்தால் வைற்றமின் ஏ குறைந்து நோய் வரும். ஆனைக்கொய்யா (அவகாடோ), சொக்லேற், உப்புப் போட்ட சாமான், தேத்தண்ணி, கோப்பி கிளிக்கு நஞ்சு. கூட்டைக் குசினிக்குக் கிட்ட வைக்கக்கூடாது, ஒட்டாத சட்டி காய்ந்து எரிந்தால் வரும் புகை எங்களுக்குத் தெரியாமலே பறவையைக் கொல்லும். அது ஆணா பெண்ணா என்று அப்போது தெரியவில்லை. வளையம் வர இரண்டு, மூன்று வருடம் எடுக்கும். இந்த மாரிக்குப் பிறகு கழுத்தில் ஒரு மங்கல் கறுப்புக் கோடு தெரியத் தொடங்கியிருக்கிறது.

மதில் தெற்குப் பக்கம் கட்டவில்லை. அங்கே கதியால் வேலிதான். பெரியப்பாவின் காணியில் நிற்கும் மற்ற மொட்டைப் பனையைத் தறிக்க வேண்டாம் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். விழுந்த பனையின் பிளக்காத நுனித்துண்டு ஒன்று மூன்றரை அடியில் கிடந்தது. அதற்கு அடிப்பலகையும் தகர மூடியும் போட்டு, வாய்க்கு மூன்று அங்குலத் துளை துளைத்து வேப்பமரத்தில் கட்டினேன். முதல் வருடம் அணில் குடியிருந்தது. அடுத்த வருடம் மைனா. இந்தத் தை மாதம் ஒரு சோடிக் கிளி வந்து பார்த்துவிட்டுப் போனது. பிறகும் வந்தது. போன கிழமை பெண் துளை வாயில் தலையை நீட்டிக்கொண்டிருக்க, ஆண் கொப்பில் நின்று தன் தீன்பையில் இருந்து எடுத்து அதன் சொண்டுக்குள் ஊட்டியது. நேற்றுக் காலை முற்றம் கூட்டப் போனேன். துளை விளிம்பு புதிதாகக் கடித்து மஞ்சளாக இருந்தது, ஒரு பச்சை வால் வெளியே தொங்கியது. விளக்குமாற்றைச் சாத்தி வைத்துவிட்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன்.